டூரிஸ்ட் விசாவில் வந்த இடத்தில் கல்யாணம்: கிரீன் கார்டுக்குப் போடலாமா?

"அக்கா வீட்டுக்கு டூரிஸ்ட் விசாவில் வந்திருக்கிறாள். வந்த இடத்தில் நல்ல வரன் அமைந்துவிட்டது. பையன் அமெரிக்கக் குடிமகன். இங்கேயே கல்யாணத்தை முடித்து, ஊருக்குத் திரும்பாமலே கிரீன் கார்டுக்குப் போடலாமா?"

அமெரிக்காவில் நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "தாராளமாகப் போடலாம், என் நாத்தனார் மகள் அப்படித்தான் வாங்கினாள்" என்று ஒரு கட்சி. "ஐயோ, அது மோசடி, அப்புறம் ஜென்மத்துக்கும் உள்ளே விடமாட்டார்கள்" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

வந்த பிறகு கல்யாணம் அமைந்தால் இங்கிருந்தபடியே விண்ணப்பிக்கலாமா என்பது ஒரு கேள்வி. பல நேரம் விண்ணப்பிக்கலாம். கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிடுவது என்று முன்பே முடிவெடுத்து, அதை மறைத்து டூரிஸ்ட் விசாவில் வரலாமா என்பது இன்னொரு கேள்வி. கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்: அதே விசா, அதே கல்யாணம், அதே படிவங்கள். வேறுபடுவது விமானத்தை விட்டு இறங்கியபோது மனதில் என்ன இருந்தது என்பது மட்டும்.

நான் வக்கீல் இல்லை. அடிப்படை புரிந்தால், வக்கீலிடம் போகும்போது சரியான கேள்வியைக் கேட்கலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விசா வேறு, தங்கும் நாள் வேறு

முதலில் ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் பி-2 என்ற டூரிஸ்ட் விசா பத்து வருடத்துக்கு இருக்கலாம். அதற்காகப் பத்து வருடம் தங்கலாம் என்று அர்த்தமில்லை. அது வாசல்வரை வந்து கதவைத் தட்டுவதற்கான அனுமதி. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்து அதிகாரி தீர்மானிக்கிறார். அவர் தரும் கணக்குக்கு ஐ-94 என்று பெயர். இப்போது அது காகிதமாக வருவதில்லை, இணையத்தில்தான் பார்க்க வேண்டும். டூரிஸ்டுக்கு வழக்கமாக ஆறு மாதம் கிடைக்கும். இந்தக் கதையில் முக்கியமான தேதி அதுதான், விசாவில் அச்சடித்த தேதி அல்ல.

அப்புறம் அந்த விசா எதை நம்பித் தரப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில் விசா மறுக்கப்பட்டு வெளியே வருகிறவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் 214(பி) என்ற எண்ணைப் பார்க்கலாம். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் அந்தப் பிரிவு சொல்வது இது: விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அமெரிக்காவில் குடியேறவே வருகிறார் என்று அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும்; இல்லை, நான் திரும்பிவிடுவேன் என்று காட்டுவது வந்தவரின் பொறுப்பு. ஹெச்-1பி, எல்-1 போன்ற வேலை விசாக்களுக்கு இந்தப் பிரிவிலிருந்து விலக்கு உண்டு. டூரிஸ்ட் விசாவுக்கு இல்லை. ஆக, பி-2 விசா வாங்கிய ஒவ்வொருவரும் "திரும்பி வந்துவிடுவேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

பதினோராவது பொருத்தம்

பத்துப் பொருத்தம் பார்க்கிற நம்மவர்கள் அமெரிக்க வரனுக்கு இன்னொரு பொருத்தமும் பார்ப்பது நல்லது. மாப்பிள்ளையோ பெண்ணோ குடிமகனா, கிரீன் கார்டுக்காரரா, ஹெச்-1பியா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அமெரிக்கக் குடிமக்களின் கணவன் அல்லது மனைவி சட்டத்தின் பார்வையில் மிக நெருங்கிய உறவு. இவர்களுக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. வரிசையில் நிற்கத் தேவையில்லை. நாட்டுக்குள் இருந்தபடியே ஒருவரின் நிலையை நிரந்தர வாசியாக மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் 245-ஆம் பிரிவு இவர்களிடம் கூடுதல் தாராளம் காட்டுகிறது. ஐ-94 தேதி தாண்டித் தங்கியிருந்தாலும், அனுமதியில்லாமல் வேலை பார்த்திருந்தாலும், அந்தக் காரணத்தால் மட்டும் கதவு அடைபடாது. ஆனால் முறையாக அதிகாரி முன் நின்று, சோதிக்கப்பட்டு, அனுமதிக்கப்பட்டு நாட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும். எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடந்தவருக்கு இந்த வழி பொதுவாக இல்லை. டூரிஸ்ட் விசாவில் வந்தவருக்கு இந்த நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடுகிறது. பல பேருக்கு "முடியும்" என்ற பதில் கிடைப்பது இதனால்தான்.

இதில் ஒரு பொய்க்கு மட்டும் மன்னிப்பே இல்லை. வேலைக்குச் சேரும் படிவத்திலோ வாக்காளர் பதிவிலோ "நான் அமெரிக்கக் குடிமகன்" என்று குறித்துவிட்டால், பிறகு குடிமகனைக் கல்யாணம் செய்தாலும் கிரீன் கார்டு கிடைப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

துணை கிரீன் கார்டுக்காரர் என்றால் கதை மாறிவிடும். அவர்களுக்கு எஃப்2ஏ என்ற தனி வரிசை. வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் அந்த வரிசையின் தேதி வந்தாக வேண்டும். அதுவரைக்கும் விண்ணப்பதாரர் ஒரு நாள்கூடச் சட்டப்படியான தங்குநிலையை இழக்காமல் இருக்க வேண்டும். ஆறு மாத ஐ-94-ஐ வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பது பெரும்பாலும் நடக்காது. ஊருக்குத் திரும்பி அங்கிருந்து வருவதுதான் வழி. ஹெச்-1பியில் இருப்பவரைக் கட்டிக்கொண்டால் பகிர்ந்துகொள்ள அவரிடமே கிரீன் கார்டு இல்லை. துணைக்கான ஹெச்-4 விசா வேண்டுமானால் கிடைக்கும்.

மனதில் இருந்தது என்ன?

எல்லாம் சுற்றி வந்து நிற்பது இங்கேதான். இரண்டு பெண்களைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதல் பெண் அக்காவின் பிரசவத்துக்கு உதவியாக டல்லாஸ் வந்தவள். கையில் ரிட்டர்ன் டிக்கெட், ஊரில் வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாள். நாலாவது மாதத்தில் கோயிலிலோ நண்பர் வீட்டிலோ ஒருவரைச் சந்திக்கிறாள், பிடித்துப்போகிறது, கல்யாணம். அவள் விசா அதிகாரியிடம் சொன்னது அன்றைக்கு உண்மை. பிறகு மனம் மாறியது. மனம் மாறுவதைச் சட்டம் தடுக்கவில்லை.

இரண்டாவது பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. நியூ ஜெர்சியில் மண்டபம் பேசியாகிவிட்டது. விசா நேர்காணலில் "நயாகரா பார்க்கப் போகிறேன், மூன்று வாரத்தில் வந்துவிடுவேன்" என்கிறாள். நயாகராவுக்குப் போயிருக்கவும் கூடும்! ஆனாலும் அவள் செய்தது, குடியேற்றச் சலுகை பெறுவதற்காக முக்கியமான உண்மையைத் திரித்துச் சொன்னது. அதற்கான தண்டனை ஆயுள்காலத் தடை. விலக்குக் கேட்க ஐ-601 என்ற படிவம் இருக்கிறது. தடையால் குடிமகனான கணவருக்கோ, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பெற்றோருக்கோ மிகக் கடுமையான துன்பம் நேரும் என்று நிரூபிக்க வேண்டும். பிரிவு வலிக்கிறது என்பது மட்டும் போதாது.

உண்மை வாழ்க்கையில் பெரும்பாலோர் இந்த இருவருக்கும் நடுவில் எங்கோ இருப்பார்கள். அந்த நடுப்பகுதிக்குத்தான் "தொண்ணூறு நாள் விதி" என்ற பேச்சு வருகிறது. 2017 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கான கையேட்டில் சேர்த்த விதி அது. நாட்டுக்குள் வந்த 90 நாளுக்குள் குடிமகனையோ கிரீன் கார்டுக்காரரையோ கல்யாணம் செய்து அங்கேயே குடித்தனம் தொடங்கினால், வரும்போதே அந்த எண்ணம் இருந்தது என்று அதிகாரி ஊகிக்கலாம். அது ஊகம்தான், சான்று காட்டி மறுக்கலாம். நாட்டுக்குள் விண்ணப்பத்தை விசாரிக்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ். என்ற குடியுரிமை, குடியேற்றச் சேவை அமைப்பை அந்தக் கையேடு கட்டுப்படுத்துவதும் இல்லை. ஆகவே 91-ஆவது நாள் கல்யாணம் வைத்துக்கொண்டால் தப்பித்தோம் என்று நாள் எண்ணுவதில் பெரிய பலன் இல்லை. மறைத்து வந்தவர் 200-ஆவது நாள் கட்டிக்கொண்டாலும் மறைத்தது மறைத்ததுதான். உண்மையாகவே மனம் மாறியவருக்கு 60-ஆவது நாளும் வழி உண்டு, கேள்விகள் கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. வக்கீல்கள் இதைத்தான் முதலில் எடுப்பார்கள். மனதில் ஒரு எண்ணம் இருந்தது என்பதும், அதிகாரியிடம் பொய் சொன்னது என்பதும் ஒன்றல்ல. குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1980-இல் கவாசோஸ் வழக்கிலும் 1981-இல் இப்ராஹிம் வழக்கிலும் சொன்னதன் சாரம்: குடிமக்களின் மிக நெருங்கிய உறவினர் விஷயத்தில், வரும்போதே தங்கும் எண்ணம் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தை நிராகரிப்பது பொதுவாகச் சரியல்ல, பாதகமான வேறு அம்சங்கள் இருந்தால் வேறு கதை. நேர்காணலில் சொன்ன பொய் அப்படியொரு வேறு கதை. எண்ணத்தை மன்னிக்க வழி இருக்கிறது, வாயால் சொன்ன பொய்யை மன்னிப்பதுதான் கஷ்டம்.

எண்ணத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்கலாம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு; போனையும் பார்க்கலாம். மூன்று வாரச் சுற்றுலாவுக்கு வந்தவர் பெட்டியில் முகூர்த்தப் பட்டும், பள்ளிச் சான்றிதழ்களின் அசலும், "வந்து இறங்கியதும் பதிவுத் திருமணம்" என்ற வாட்ஸ்அப் செய்தியும் இருந்தால் அவர் வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

முன்பே முடிவான கல்யாணம் என்றால் அதற்கென்று வழிகள் இருக்கின்றன. ஊரில் கல்யாணத்தை முடித்து, குடிமகனான துணை ஐ-130 என்ற உறவினர் மனு போட்டு, குடியேற்ற விசா வாங்கி வருவது ஒன்று. இந்தியர்களுக்கு அந்த நேர்காணல் பெரும்பாலும் மும்பையில் நடக்கும். கே-1 என்ற வருங்காலத் துணைக்கான விசாவில் வந்து, 90 நாளுக்குள் அவரையே கல்யாணம் செய்துகொள்வது இன்னொன்று. இரண்டுமே இழுக்கும். இழுக்கிறது என்பதால்தான் குறுக்கு வழி ஆசை காட்டுகிறது என்பதும் தெரிந்ததுதான்.

தாலி கட்டினால் மட்டும் போதாது

டூரிஸ்ட் விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொள்வதில் சட்டத் தடை எதுவும் இல்லை. ஆனால் கோயிலில் ஐயர் வைத்து, மேளம் கொட்டி நடத்திய கல்யாணம் அரசாங்கத்தின் கண்ணில் தானாகக் கல்யாணம் ஆகிவிடாது. கவுண்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் முன்கூட்டியே திருமண உரிமம் வாங்க வேண்டும். சில மாநிலங்களில் உரிமம் வாங்கிய உடனே நடத்த முடியாது. நியூயார்க்கில் 24 மணி நேரம், டெக்சாஸில் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நடத்தி வைத்தவர் கையெழுத்திட்டு அது திரும்பப் பதிவான பிறகுதான் சான்றிதழ் கிடைக்கும்.

அடுத்தது படிவங்கள். கணவனோ மனைவியோ போடும் ஐ-130 மனு, வந்தவர் போடும் ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் இரண்டையும் ஒன்றாகவே அனுப்பலாம். கூடவே வேலை அனுமதிக்கு ஐ-765, பயண அனுமதிக்கு ஐ-131. 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டணப்படி, காகிதத்தில் போட்டால் ஐ-130-க்கு 675 டாலர், ஐ-485-க்கு 1,440, வேலை அனுமதிக்கு 260, பயண அனுமதிக்கு 630. கூட்டினால் 3,005 டாலர். கட்டணம் மாறக்கூடியது, அனுப்புகிற அன்று அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மருத்துவச் சோதனைக்குத் தனிச் செலவு. ஐ-693 என்ற அந்த அறிக்கையை 2024 டிசம்பர் 2 முதல் விண்ணப்பத்துடனேயே வைக்க வேண்டும். பிறகு தருகிறேன் என்றால் திருப்பி அனுப்பிவிடலாம். யு.எஸ்.சி.ஐ.எஸ். நியமித்த "சிவில் சர்ஜன்" மட்டும்தான் செய்ய முடியும். (பெயரைக் கேட்டால் ஊரில் அரசு ஆஸ்பத்திரிப் பதவி மாதிரி இருக்கிறது, இங்கே அது சாதாரண கிளினிக் டாக்டராகத்தான் இருப்பார்.) கையில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசித் தழும்பு இருப்பவர்களுக்குத் தோலில் செய்யும் காசநோய்ச் சோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டிய காலம் உண்டு. இப்போது ரத்தப் பரிசோதனைதான்; பி.சி.ஜி. அதைக் குழப்பாது.

துணையின் வருமானத்துக்கு ஐ-864 என்ற உறுதிமொழி. கூட்டாட்சி வறுமைக்கோட்டுக்கு 125 சதவீதம் வருமானம் காட்ட வேண்டும். இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் அது சுமார் 26,400 டாலர். போதவில்லை என்றால் வேறொருவர் கூட்டு ஆதரவாளராகக் கையெழுத்திடலாம். மாமாவோ நண்பரோ "ஒரு கையெழுத்துதானே" என்று போட்டுவிடுவார்கள். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு விடாது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். வந்தவர் குடியுரிமை பெறும்வரையோ, சமூகப் பாதுகாப்புக் கணக்கில் 40 காலாண்டு வேலை சேரும்வரையோ, நாட்டை விட்டே போகும்வரையோ அது தொடரும்.

நம்மவர்களுக்கென்றே சில தலைவலிகள் உண்டு. பிறப்புச் சான்றிதழில் குழந்தை பெயர் இல்லாமல் "பெண் குழந்தை" என்று மட்டும் இருப்பது ஒன்று. ஊரில் இருப்பவர்களை விட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் பெயர் சேர்த்து வாங்குவது நல்லது. சான்றிதழே இல்லையென்றால் பதிவு இல்லை என்ற சான்றும், பள்ளிச் சான்றிதழ் போன்ற துணை ஆவணங்களும், விவரம் தெரிந்த பெரியவர்களின் பிரமாணப் பத்திரமும் வேண்டும். இன்னொன்று இனிஷியல். ஒரு ஆவணத்தில் "கே", இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. அப்படிக் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று வந்து நிற்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். எல்லாம் ஒருவர்தான் என்று விளக்கி ஒரு பிரமாணப் பத்திரம் வைத்துவிடுங்கள். தமிழில் உள்ள ஆவணத்துக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் தேவை.

காத்திருக்கும் காலம்

விண்ணப்பத்தை ஐ-94 தேதி முடிவதற்குள் போட்டுவிடுவது நல்லது. தேதி தாண்டினால் குடிமகனின் துணைக்கு வழி அடைபடாது என்றேன். அதற்காக அது ஆபத்தில்லாத இடம் என்று நினைக்கக் கூடாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை தங்க அனுமதி உண்டு, ஆனால் அது ஒரு விசா நிலை அல்ல. நிராகரிக்கப்பட்டால் நேராக நாடுகடத்தல் வழக்கு வரலாம். 2025 இறுதியில் சான் டியேகோவில், தேதி தாண்டித் தங்கியிருந்த சிலர் கிரீன் கார்டு நேர்காணலுக்குப் போன இடத்திலேயே கைதான செய்திகள் வந்தன. முன்பெல்லாம் இப்படி நடப்பது அரிது. தேதி தாண்டியவர்கள் இப்போது வக்கீல் இல்லாமல் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இந்தக் காலத்தில் வேலை அனுமதி அட்டை வரும்வரை வேலை பார்க்கக் கூடாது. அதைவிடப் பெரிய கஷ்டம், ஊருக்குப் போக முடியாதது. பயண அனுமதி கையில் வராமல் நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். மூன்று வாரத்துக்கென்று வந்த பெண், பெட்டியில் மூன்று வாரத் துணியோடு, பல மாதம் அம்மா அப்பாவைப் பார்க்காமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று நடுராத்திரி போன் வந்தாலும் அப்படியே கிளம்ப முடியாது, உள்ளூர் யு.எஸ்.சி.ஐ.எஸ். அலுவலகத்தில் அவசரப் பயண அனுமதி கேட்டு நிற்க வேண்டும். கல்யாணப் பேச்சு நடக்கும்போதே இதை இரண்டு வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும். பலர் சொல்வதில்லை.

தேதி தாண்டித் தங்கியவர் வெளியேறுவதில் இன்னொரு ஆபத்து. 180 நாளுக்கு மேல் அப்படி இருந்துவிட்டு வெளியே போனால் மூன்று வருடத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடத் தடை. பயண அனுமதியோடு போய் வருவது இந்தத் தடையைத் தூண்டாது என்று 2012-இல் மேல்முறையீட்டு வாரியம் அரபெல்லி, எரபெல்லி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைப் போட்டது ஒரு இந்தியத் தம்பதி.

நேர்காணல்

கைரேகை எடுத்த பிறகு ஒருநாள் இருவருக்கும் அழைப்பு வரும். கல்யாணம் உண்மையா என்பதுதான் விசாரணை. இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, காப்பீடு, கல்யாணப் பத்திரிகை, உறவினர் கூட்டத்தோடு எடுத்த படங்கள் எல்லாம் உதவும். சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பொய்க் கல்யாணம் என்று தெரிந்தால் ஐந்து வருடம் வரை சிறை, 250,000 டாலர் வரை அபராதம்; பிறகு எவர் மனுப் போட்டாலும் கிரீன் கார்டு கிடைக்காது.

நம்முடைய ஏற்பாட்டுக் கல்யாணங்கள் இங்கே கொஞ்சம் விளக்கம் கேட்கும். இரண்டு முறை பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டோம் என்றால் கேட்பவருக்கு விநோதமாகப்படலாம். வெட்கப்பட்டு இல்லாத காதல் கதையை இட்டுக்கட்டிச் சொல்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். யார் மூலம் வரன் வந்தது, யார் வீட்டில் சந்தித்தீர்கள் என்று நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

வந்த விதத்தைப் பற்றியும் கேட்பார்கள். கடைசியாக எப்போது வந்தீர்கள், எதற்காக வந்ததாக விசா அதிகாரியிடம் சொன்னீர்கள், இவரை எப்போது முதலில் சந்தித்தீர்கள்? விசா விண்ணப்பத்தில் நீங்கள் நிரப்பிய பதில்கள் அவர்களால் எடுத்துப் பார்க்கக்கூடியவை.

எல்லாம் சரியாக முடிந்து கார்டு கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால், வருவது இரண்டு வருட நிபந்தனை கார்டு. அது காலாவதியாகும் முன்னான கடைசி 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 போட்டு நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தேதியைக் கார்டு வந்த அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். நினைவூட்டிக் கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.